மாதத்துக்கு இரண்டு மூடி

சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் செய்த மகத்தான காரியம், மூடித் தொழிற்சாலையின் மூன்றாம் வரிசையில் பழுது பார்த்துச் சொல்ல ஒரு கேமராவைப் பொருத்தியதுதான். இதில் மேலாளருக்குச் சந்தேகமே கிடையாது. நான்கு கூட்டம் போட்டார். நான்கிலும் அவரே முன்மொழிந்து, அவரே வழிமொழிந்தார்.

அங்கே தண்ணீர் பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். மூன்றாம் வரிசையின் கோடியில் ஒரு ஸ்டூல். அதில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, பெல்ட்டில் வரும் மூடிகளில் மோசமானதைப் பொறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போடுகிறவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டால், மூடியின் உள்விளிம்பில் மயிரிழை வெட்டு இருந்தாலும் தப்பாது.

"மாசக் கடைசி, கொஞ்சம் கண்டும் காணாம விடுங்கம்மா" என்று மேலாளர் மாதாமாதம் கேட்பார். "கண்ணுல பட்டுடுதே சார்" என்று அவளும் மாதாமாதம் சொல்வாள்.

சாயங்காலம் பெட்டியை அரவை இயந்திரத்தில் கொட்டி, மறுபடி உருக்கிவிடுவார்கள். கொட்டிய பிறகு மேலாளர் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். மாதம் முழுக்க அப்படி எட்டிப் பார்த்து, அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை எண்ணி அறிக்கை எழுதுவார்: 'பழுது: மாதத்துக்கு இரண்டு.' பொய் எழுதினார் என்று யாரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. அவர் பார்த்தது இரண்டுதான்.

"கேமரா வந்தா நான் எங்க சார் போறது?"

"பேக்கிங்ல உங்களுக்குப் 'பதவி உயர்வு'ம்மா."

பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். அவளுடைய இடது முழங்கால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க ஒப்புக்கொள்ளாது. அவள் ஸ்டூலைத் தடவிக் கொடுத்தாள்.

கேமராவைப் பொருத்த வந்த பொறியாளர் பொறுமைசாலி. "சார், இது குழந்தை மாதிரி. நல்லது எது, கெட்டது எதுன்னு காட்டித்தான் பழக்கணும். கெட்ட மூடி ஒரு ஐநூறு குடுங்க."

மேலாளர் பதறிப்போனார். "ஐநூறா? எங்க அறிக்கைப்படி மாசத்துக்கு ரெண்டுதான். ஐநூறு சேர இருபது வருஷம் ஆகும்!"

"அப்ப அந்தச் சிவப்புப் பெட்டியில இருக்கறது?"

மத்தியானத்துக்குள்ளேயே பெட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேலாளர் பெட்டியைப் பார்த்தார். பொறியாளரைப் பார்த்தார். அறிக்கையை நினைத்துப் பார்த்தார்.

"அதெல்லாம் கெட்டதுன்னு யார் சொன்னா? இந்தம்மா கொஞ்சம் கறார், அவ்வளவுதான். ரெண்டை எடுத்துக் கெட்டதுல வைங்க. மீதியை நல்லதுல கொட்டுங்க."

"சார், உள்விளிம்புல வெட்டு இருக்கு. தண்ணி ஒழுகும்" என்றாள் கண்ணாடியக்கா.

"ஒழுகுமா ஒழுகாதான்னு கேமரா முடிவு பண்ணட்டும். அதுக்குத்தானே வாங்கியிருக்கோம்?"

'பயிற்சி' பதினோரு நாள் நடந்தது. முதல் நாள் கேமரா ஏதோ அறியாமையில் வெட்டுள்ள மூடிக்கெல்லாம் சிவப்பு விளக்கைப் போட்டது. ஒவ்வொரு தடவையும் மேலாளர் "நல்லதுன்னு எழுதுங்க" என்றார். பொறியாளர் பெருமூச்சு விட்டு எழுதினார். ஐந்தாம் நாள் கேமரா தயங்கியது. பதினோராம் நாள் மேலாளரின் பேனா மூடி தவறிப் பெல்ட்டில் விழுந்தது. அதற்கும் பச்சை விளக்குதான்.

வீட்டில் கண்ணாடியக்காவின் மகள் கேட்டாள்: "ஏம்மா, அதுக்குக் கண்ணாடி வேணாமா?"

"அதுக்கு மேலாளர் இருக்காருடி" என்றாள் அம்மா. சிரிக்கவில்லை. ஸ்டூல் போகிறதே என்பதைவிட, ஒழுகுகிற மூடி கண்ணெதிரே போவதுதான் அவளை உறுத்தியது.

தொடக்க விழாவுக்கு முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்தார். கேமரா 'நல்லது' என்று அனுப்பிய மூடி ஒன்றைப் பாட்டிலில் திருகி அவர் கையில் கொடுத்தார்கள்.

"தலைகீழாப் பிடிங்க சார், ஒரு சொட்டு விழாது!" என்றார் மேலாளர்.

சொட்டாக விழவில்லை என்பது உண்மை. மணிக்கட்டு வழியே இறங்கி, முழங்கையைச் சுற்றி, சட்டைப்பை வரை நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"பாட்டில் கோளாறு சார்" என்றார் மேலாளர். மூன்று பாட்டில் மாற்றினார்கள். முதலாளியின் இரண்டு கைகளும் நனைந்தன.

முதலாளி மூடியைக் கண்ணாடியக்காவிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"உள்விளிம்புல வெட்டு சார்."

"உனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியலையாம்மா?"

"மொத நாள் அதுக்கும் தெரிஞ்சுது சார். பதினோரு நாள் சொல்லிச் சொல்லித் திருத்திட்டாங்க."

ஐந்தாவது கூட்டம் அவசரமாகக் கூடியது. தொழில்நுட்பத்தைக் கைவிடுவதில்லை என்று தீர்மானித்தது. ஸ்டூலைத் தூக்கி கேமராவுக்கு முன்னால் போட்டார்கள். கண்ணாடியக்கா பொறுக்கிப் போட்டது போக மிச்சத்தை மட்டும் கேமரா பார்க்கிறது. பார்த்துப் பச்சை விளக்கைப் போடுகிறது. அன்றிலிருந்து அது ஒரு தப்புகூடச் செய்யவில்லை. 'துல்லியம்: நூற்றுக்கு நூறு. பழுது: மாதத்துக்கு இரண்டு' என்று மேலாளர் எழுதினார். வருடக் கடைசியில் கேமராவுக்குச் 'சிறந்த பணியாளர்' சான்றிதழ் கொடுத்து, அதன் கம்பத்திலேயே மாட்டினார்கள். ஆணி அடிக்க வசதியாக ஸ்டூலிலிருந்து கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னார்கள், கண்ணாடியக்கா எழுந்துகொண்டாள்.

பொறாமைப்படக் கூடாது. சான்றிதழ் தகுதியுள்ள இடத்துக்குத்தான் போயிருக்கிறது. கண்டும் காணாமல் இருக்க மேலாளர் அவளுக்குப் பத்தொன்பது வருடம் சொல்லிக்கொடுத்தார். அவளுக்கு ஏறவே இல்லை. கேமரா அதைப் பதினோரு நாளில் கற்றுக்கொண்டது.