பென்குயினுக்கு அகவணக்கம்

தென்துருவத்துக்கு மனிதகுலம் இதுவரை ஆற்றிய தொண்டுகளிலே தலையாயது பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில், திருவாளர் அரியரத்தினம் அவர்களின் பலசரக்குக் கடைக்குக் கீழே, அரிசி மூட்டைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு ஆற்றப்பட்டது. சரித்திரத்தில் இது இன்னும் ஏறவில்லை. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு லாசப்பலில் கார் விட இடம் கிடைத்திருக்காது.

'தென்துருவ உயிரினப் பாதுகாப்புத் தமிழ் ஒன்றியம் – பிரான்ஸ்' தொடங்கியது 2016இல். ஏன் தென்துருவம் என்று சில அற்பர்கள் கேட்டார்கள். வேறென்ன மிச்சம் இருந்தது? விட்டுவந்த ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒன்றியம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் பழைய மாணவர் சங்கம் இருந்தது; சண்டை பிடித்து உடைந்ததில் சில பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு இருந்தது. தலைவர் பதவி காலியாகக் கிடந்த ஒரே நிலப்பரப்பு அன்டார்ட்டிக்காதான்.

இது ஊருக்குச் சொன்ன காரணம். உள்ளே கிடந்த காரணம் அரியரத்தினத்தின் மகள் லக்சிகா. பல்கலைக்கழகத்தில் கடல் உயிரினங்கள் பற்றிப் படிக்கிறவள். தகப்பன் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அதுவும் அரை வசனம். ஒருநாள் அவள் யாருடனோ போனில் பென்குயின்களைப் பற்றி விழுந்து விழுந்து சிரித்துக் கதைத்ததை அரியரத்தினம் கேட்டுவிட்டார். இந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்! பென்குயினைப் பிடித்தால் பிள்ளை கைக்குள் வருவாள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

பிள்ளை வந்தாள். சாப்பாட்டு மேசையில் தகப்பனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, பிரெஞ்சில்தான், ஆனால் முழு வசனங்களில் விளங்கப்படுத்தினாள். கடலில் மிதக்கும் உறைபனியின் அடிப்பக்கத்தில் பச்சைப் பாசி பிடிக்குமாம். கிறில் என்ற சின்ன உயிரின் குஞ்சுகள் குளிர்காலம் முழுக்க அந்தப் பாசியை மேய்ந்துதான் உயிர் தப்புமாம். பென்குயின், சீல், திமிங்கிலம் எல்லாவற்றுக்கும் அந்தக் கிறில்தான் சோறாம்.

"அட, எங்கட கூனி இறால் மாதிரி!" என்றார் அரியரத்தினம்.

அதேதான். இப்போது பனி குறைகிறது, அதோடு கிறிலும் குறைகிறது. பனி விலகின தண்ணீருக்குள் கப்பல்கள் நுழைந்து, பென்குயின் குஞ்சுக்கு இரை தேடும் அதே இடத்தில் வலை வளைக்கின்றன. வளைத்த கிறிலைப் பிழிந்து எண்ணெய் எடுத்து, குளிசையாக்கி, போத்தலில் அடைத்து...

லக்சிகா அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. கடையில் காசு மேசைக்கு முன்னால் கோபுரமாக அடுக்கியிருந்தது அந்தப் போத்தல்தான். அந்த வருஷம் லாசப்பல் முழுக்கக் 'கிறில் குளிசை' பைத்தியம். மூட்டு நோவுக்கு அது, மறதிக்கு அது, மாமியாரின் வாய்க்குக்கூட அது என்று பேச்சு. கோயில் தேர் இழுக்க வந்தவர்களே இரண்டைப் போட்டு விழுங்கிவிட்டுத்தான் வடத்தில் கை வைத்தார்கள்.

"என்னுடைய பேராசிரியர் மர்கரீத் வந்து பேசுவார்," என்றாள் லக்சிகா. "பென்குயின் குஞ்சு வளர்க்கும் கரையில் மீன்பிடியை நிறுத்தும்வரை இந்தக் குளிசையை விற்கமாட்டோம் என்று கடைக்காரர்கள் ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வைக்கவேண்டும். முதலில் நீங்கள் வைத்தால் மற்றவர்கள் வைப்பார்கள். நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அப்பா."

"ஓம் பிள்ளை, ஓம். அப்பா இருக்கிறன்தானே!"

அவள் தகப்பனைக் கட்டிப் பிடித்தாள். அன்றிரவு அரியரத்தினத்துக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மர்கரீத் பேசும் விழாவின் ஏற்பாடுகளை ஒன்றியச் செயலாளர் பிரசாந்தன் பொறுப்பெடுத்தார். பிரசாந்தன் ஆயிரம் அஞ்சலிக் கூட்டம் கண்டவர். அவருக்குத் தெரிந்த நிகழ்ச்சி நிரல் ஒன்றே ஒன்றுதான்: படத்துக்கு மாலை, விளக்கு, தலை குனிந்து அகவணக்கம், பேச்சு, பொன்னாடை, கொத்துரொட்டி. பென்குயின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து மாலை போட்டார்கள். சந்தனப் பொட்டை வெள்ளை நெஞ்சில் வைப்பதா கறுத்த நெற்றியில் வைப்பதா என்று செயற்குழு அரை மணித்தியாலம் விவாதித்து, நெற்றி என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மேடைக்குப் 'பனிமலை' வேண்டும் என்றார்கள். அன்று காலைதான் வந்திறங்கியிருந்த பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் வெள்ளை வேட்டியை விரித்தார்கள். தத்ரூபமான பனிமலை!

மர்கரீத் படியிறங்கி வந்தபோது சபை தலை குனிந்து எழுந்து நின்றது. சாம்பிராணிப் புகைக்குள் பென்குயின் மாலையோடு நின்றது. வந்தவள் பயந்துபோனாள்.

"இந்தப் பறவைக்கு என்ன நடந்தது?"

"செத்துப்போச்சு, மதாம்," என்றார் பிரசாந்தன் பிரெஞ்சில், தழுதழுத்த குரலில்.

"எது?"

"பொதுவா."

"இல்லையே! இன்னும் லட்சக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. அதற்காகத்தானே வந்தேன்!"

பிரசாந்தன் இதைத் தமிழில் சொன்னார். சபையில் ஒரு சின்ன ஏமாற்றம் பரவியது. தலைவர் அரியரத்தினம் அவர்கள்தான் பெருந்தன்மையோடு நிலைமையைச் சமாளித்தார்.

"பரவாயில்லை மதாம். நாங்கள் கொஞ்சம் முந்திட்டம்."

மர்கரீத் பனிமலையில் ஏறி நின்று சுருக்கமாகப் பேசினாள். பலத்த கைதட்டல். கேள்வி நேரத்தில் பின்வரிசை ஐயா ஒருவர் எழுந்து, "மதாம், குளிசையைச் சாப்பாட்டுக்கு முதல் போடுறதோ, பிறகு போடுறதோ?" என்று கேட்டார். இளகின மனம் படைத்த சிலர் பென்குயினுக்கும் அதில் இரண்டு கொடுத்தால் தெம்பு வரும் என்றார்கள்.

உறுதிமொழித் தாள் மேசைக்கு வந்தது. லக்சிகா பேனையை எடுத்துத் தகப்பனின் கையில் கொடுத்தாள். அரியரத்தினம் குனிந்தார். குனிந்த காதுக்குள் பிரசாந்தன் சொன்னார்:

"அண்ணை, யோசிச்சுச் செய்யுங்கோ. நீங்கள் விக்காட்டி பொபினிக் கடைக்காரன் விப்பான். கிறிலுக்கு அதில என்ன லாபம்? வேட்டிக்குக் கீழை கிடக்கிறதை என்ன செய்யப் போறியள்?"

அரியரத்தினம் பனிமலையைப் பார்த்தார். வேட்டி ஒரு மூலையில் விலகியிருந்தது. பெட்டியில் சிவப்பு எழுத்தில் 'சுத்தமான கிறில் எண்ணெய்' என்று இருந்ததை லக்சிகாவும் பார்த்தாள். அவள் கண்ணைத் தகப்பன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை வேறு மாதிரி அசைந்திருக்கும் என்று அவருக்கே தெரியும், அதனால்தான் பார்க்கவில்லை.

"கையெழுத்து எங்கை ஓடப்போகுது?" என்று பேனையை வைத்துவிட்டுப் பொன்னாடையை எடுத்தார். "ராகுகாலம் வரமுதல் முதலிலை மரியாதையைச் செய்வம்."

மரியாதை என்றால் சும்மா மரியாதையா! பொன்னாடை, ரோசாமாலை, கேடயம், 'துருவக்கடல் அன்னை' என்ற பட்டம். கடைசியாகத் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், நடுவில் ஒரு போத்தல்.

"குளிருக்குள்ளை நிண்ட முழங்கால் மதாம். இது நல்லா வேலை செய்யும்."

மர்கரீத் போத்தலில் எழுதியிருந்ததை வாசித்தாள். நன்றி சொன்னாள். கையெழுத்து விழாத வெறும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள். லக்சிகா ஒன்றும் சொல்லவில்லை, எந்த மொழியிலும்.

அதன்பிறகு கடைக்குள் இரண்டு படங்கள் ஏறின. ஒன்று பென்குயின், மாலையும் அடியில் சின்னச் சிவப்பு லைற்றுமாக. மற்றது மர்கரீத்துக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துகிற படம். மனைவி கமலராணி வெள்ளிக்கிழமைகளில் பென்குயினுக்கும் சாம்பிராணி காட்டினாள். 'பென்குயின் கும்பிடுகிற கடை' என்று பெயர் பரவி, குளிசை முன்பைவிட விற்றது. பெட்டிகள் முடிந்து, புதிதாகப் பெட்டிகள் வந்தன. கையெழுத்தைப் பற்றி லக்சிகா கேட்கவேயில்லை. பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அரியரத்தினம் ஆறுதலடைந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கடை திறந்தால் கமலராணியின் குரல் அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட் மட்டும் கேட்டது.

"ஐயோ! ஆர் இந்த மூதேவி வேலை பாத்தது? உயிரோடை இருக்கிற மனுசனுக்கு!"

அரியரத்தினம் ஓடி வந்து பார்த்தார். பென்குயின் வெறுங்கழுத்தோடு நின்றது. மாலை அவருடைய படத்தில் கிடந்தது. சிவப்பு லைற் அவருக்குக் கீழே எரிந்தது. அவர் நெற்றியில் சந்தனப் பொட்டு.

குளிசைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் லக்சிகா நின்றாள்.

"என்ன பிள்ளை இது? அப்பா இன்னும் இருக்கிறன்தானே!"

லக்சிகா தமிழில் பேசினாள், ஒரு சொல் பிசகாமல். எத்தனையோ வருஷம் அவர் காத்துக்கிடந்த தமிழ்.

"பென்குயினும் இருக்குதுதானே அப்பா. பரவாயில்லை. நான் கொஞ்சம் முந்திட்டன்."