பனிக்கட்டிக்கு ஐந்து நட்சத்திரம்

மனிதன் பனியில் சறுக்கத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் தான் எவ்வளவு நன்றாகச் சறுக்குகிறோம் என்பது அவனுக்கே தெரியாமல் இருந்தது. அந்த அறியாமையைப் போக்குவதற்கென்றே டிரோல் மலையில் ஆண்டுக்கொரு முறை மூன்று பேர் கூடுகிறார்கள். காலில் பூட்டிச் சறுக்கும் நீளப் பலகைக்கு ஸ்கீ என்று பெயர்; அவர்களுக்கு 'உச்சி' பத்திரிகையின் ஸ்கீ பரிசோதனைச் சபை என்று பெயர்.

சபைத் தலைவர் டாக்டர் ஓட்டோகர். எதில் டாக்டர் என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மரியாதை கெட்டவர்கள் இல்லை. எழுதுபவன் கஸ்ஸியான். ஸ்கீயின் குறைகளுக்கு நல்ல பெயர் வைப்பது அவன் வேலை. கனத்த ஸ்கீ அவன் பேனாவில் 'நிதானமானது'. நடுங்கும் ஸ்கீ 'மனம்விட்டுப் பேசக்கூடியது'. மூன்றாமவர் வெண்டெலின் ஹோல்சர். அறுபத்தொரு வயது. விழுந்து கிடப்பவர்களைச் சறுக்குப் படுக்கையில் கிடத்திக் கீழே கொண்டுவரும் மீட்புக் குழுவில் முப்பது வருடமாகச் சம்பளமில்லாமல் இருப்பவர். படிவத்தில் 'அனுபவம்' என்ற கட்டம் காலியாக இருந்ததால் அவரைச் சேர்த்திருந்தார்கள்.

அன்றைக்கு வந்த ஸ்கீயின் பெயர் 'வரையாடு 98'. எந்தப் பாறையிலும் கால் வழுக்காத பிராணியின் பெயரை வைத்தாகிவிட்டதால், வழுக்குமா என்ற கேள்விக்கு இடமில்லை என்று சபை கருதியது. இருந்தாலும் கடமை கடமைதானே?

காலை ஒன்பது மணி, புதுப்பனி. முழங்கால் வரை மாவு மாதிரி கிடந்தது. முன்னும் பின்னும் படகுபோல் வளைந்து உயர்ந்திருந்த ஸ்கீ, அதில் மூழ்காமல் மிதந்தது. இடுப்பை லேசாகத் திருப்பினால் போதும், தானே திரும்பியது. வெண்டெலினுக்கு நாற்பது வயது குறைந்துபோயிற்று.

"கர்த்தாவே, இது ஸ்கீ இல்ல, கன்னுக்குட்டி!" என்று கத்தினார். உண்மையாகவே கத்தினார்.

பத்து மணிக்கு, பலர் மிதித்துக் கலைத்த பனி. ஸ்கீ அவர்களை இப்படியும் அப்படியும் தூக்கிப் போட்டது. கஸ்ஸியான் 'குதூகலம்' என்று குறித்துக்கொண்டான். பதினொரு மணிக்கு, இயந்திரம் சீவிய சரிவு. வேகம் எடுத்ததும் முன்முனைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. 'ஓட்டுபவரைக் கைதட்டிப் பாராட்டுகிறது.'

பதினொன்றரைக்குப் பனிக்கட்டிப் பரிசோதனை. இதற்கென்று 'பாதிரியார் சரிவு' என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் காலையிலிருந்து வெயில் பட்டதில் அங்கிருந்த பனிக்கட்டி கஞ்சியாகியிருந்தது. கஞ்சியில் வரையாடு பிரமாதமாக வழுக்கிக்கொண்டு போனது. சபை குறித்த நேரத்தில் வந்தது, வராதது பனிக்கட்டிதான். அதற்காகச் சபையைக் குறை சொல்வது நியாயமில்லை.

பிறகு மலைக் குடிலில் தீர்ப்பு எழுத உட்கார்ந்தார்கள். நோட்பர்கா, பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பமும் பிளம் கூழும் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் குடிலில் சமைப்பதும் பரிமாறுவதும் கழுவுவதும் அவள்தான்.

ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் அந்த ஊரில் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. மேலே எல்லோரும் 'நீ'. நீதிபதியும் நீ, மாடு மேய்ப்பவனும் நீ.

"ஓட்டோகர், ஒரு வரி சேக்கணும்" என்றார் வெண்டெலின்.

"சொல்லு, சொல்லு."

"'பனிக்கட்டியில் பிடிப்பு இல்லை. சாயங்காலம் இதில் இறங்க வேண்டாம்.' அவ்வளவுதான்."

கஸ்ஸியான் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இது என்ன வெண்டெலின், மரண அறிவிப்பு மாதிரி இருக்கு? 'பிடிவாதம் இல்லாதது'ன்னு போடலாமே."

"ரெண்டு முனையும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. தரையத் தொடுறது நடுவுல கொஞ்சம்தான். கண்ணாடி மாதிரி பனிக்கட்டியில அது எப்படிக் கடிக்கும்?"

"அதத்தானேப்பா விளையாட்டுத்தனம்னு சொல்றோம்!"

"விளையாடுறது யாரு? ஸ்கீயா, மேல நிக்கிறவனா?"

அப்போது நோட்பர்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஓட்டோகர், நெசமாவே அந்த ஜோடி எனக்கா?"

வரையாட்டைச் செய்த கம்பெனி, மலைப்பெண் ஒருத்திக்குப் புது ஸ்கீ பரிசளிப்பதாகப் படம் கேட்டிருந்தது. படம் எடுத்தாகிவிட்டது. அவளுடைய பழைய ஜோடியை, 'பழமை' என்ற தலைப்பில் படம் எடுக்க, கம்பியில் ஏறி இறங்கும் இழுவண்டியில் பகலிலேயே கீழே அனுப்பிவிட்டார்கள்.

"உனக்கேதான்" என்றார் ஓட்டோகர்.

"முதல்ல கிடைச்சது அக்கா போட்டது, அப்புறம் மச்சான் போட்டது. புதுசுன்னு இதுதான் முதல் தடவ."

"எத்தன மணிக்கு இறங்குவே?" என்று கேட்டார் வெண்டெலின்.

"எப்பவும் போலத்தான். கழுவி முடிக்க நாலே கால் ஆயிடும்."

இழுவண்டி நாலுக்கே நின்றுவிடும். வீட்டுக்குப் போகிற வழி பாதிரியார் சரிவு. மூன்றரைக்கு அங்கே நிழல் விழும். பகலில் கஞ்சியாக இருந்தது கண்ணாடியாகும். போன வாரம் அங்கிருந்துதான் வெண்டெலின் இரண்டு பேரைச் சுமந்து வந்தார்.

அவள் உள்ளே போனதும் அவர் மேஜையைத் தட்டினார். "அந்த வரிய இப்பவே எழுது. அவளோட பழசையும் மேல கொண்டுவரச் சொல்லு."

"கீழ போய் ஆபீஸ்ல பேசிக்கலாமே, வெண்டெலின்."

கீழே எல்லோரும் 'நீங்க'. கீழே ஓட்டோகர் 'டாக்டர் அவர்களே'. அவ்வளவு கீழே அவரை யாரும் மறுத்துப் பேசியதாக வரலாறு இல்லை.

"இல்ல. இங்கயே பேசணும்."

ஓட்டோகர் வாயைத் துடைத்துக்கொண்டார். "திரு. ஹோல்சர் அவர்களே, நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. தயவுசெஞ்சு ஓய்வு எடுத்துக்குங்க."

பக்கத்து மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது. இரண்டாயிரம் மீட்டரில் ஒருவனுக்கு மரியாதை கொடுப்பது, அவன் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கஸ்ஸியான் குனிந்துகொண்டு குறிப்பேட்டில் எழுதினான்: 'ஒருவர் நீங்கலாக, ஏகமனதாக.' அவனும் ஓட்டோகரும் நாலு மணி இழுவண்டியில் கீழே போனார்கள்.

வெண்டெலின் அறை மூலையில் தொங்கிய சிலுவையைப் பார்த்தார். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. நோட்பர்காவிடம் சொல்லலாம். சொன்னால், வேறு ஸ்கீ இல்லாததால் இதிலேயே பயந்துகொண்டு இறங்குவாள். பயந்தவர்கள்தான் முதலில் விழுவார்கள் என்பது முப்பது வருடப் பாடம். அவர் வெளியே போய், சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, தன் பழைய ஸ்கீயின் காலணிப் பூட்டைத் தளர்த்தத் தொடங்கினார்.

"என்ன பண்றே?" வாசலில் நோட்பர்கா.

"உன் கால் அளவுக்கு வைக்கிறேன். இன்னைக்கு ஒரு நாள் நீ என்னோடதுல போ. உன்னோடத எனக்குக் குடு."

"ஏன், புதுசப் பாத்ததும் ஆசை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஒரே ஒரு தடவ, குடேன்."

"சின்னப் புள்ளைங்க தோத்துரும் உங்கிட்ட!" என்று சிரித்தாள். கொடுத்துவிட்டாள்.

"நான் முன்னாடி போறேன். நீ மெதுவா வா" என்றார் அவர்.

பாதிரியார் சரிவில் மூன்று வளைவு நன்றாகவே போயிற்று. நாலாவதில் வரையாடு குறும்பு செய்தது. விளிம்பு கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, அப்புறம் அதுவும் இல்லை. வெண்டெலின் இடுப்பில் விழுந்து, முதுகுக்கு மாறி, சரிவின் அடியிலிருந்த வலையில் போய்த்தான் நின்றார். காரை எலும்பு முறிந்திருந்தது.

நோட்பர்கா பழைய ஸ்கீயின் விளிம்புகளைக் கறகறவென்று ஊன்றி இறங்கி வந்தாள். மீட்புக் குழுவுக்குப் போன் செய்தாள். தன் மேல்கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். பக்கத்தில் கிடந்த புது ஸ்கீயைப் பார்த்தாள், மேலே சரிவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கேட்டு வாங்கினியா, கிழவா?"

"அழாதே. நல்ல ஸ்கீதான்" என்றார். "காலையில."

அடுத்த மாத 'உச்சி'யில் வரையாடு 98 எல்லாப் பனியிலும் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பனிக்கட்டிக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: 'எங்கள் மூத்த பரிசோதகர் பாதிரியார் சரிவின் கடைசி இருநூறு மீட்டரை, இந்தச் சபை இதுவரை கண்டிராத வேகத்தில் கடந்தார்.' இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உடம்பின் எந்தப் பக்கத்தால் கடந்தார் என்பதை எழுதத்தான் இடம் போதவில்லை. மீதிப் பக்கம் முழுவதையும் வரையாடு 98-இன் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தது.