எல்லாரும் இறங்கணும்

வண்டியின் பின்கதவைச் சாத்த முடியவில்லை. உள்ளே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்த எவரிஸ்தோவின் இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“கொஞ்சம் மடக்கிப் படுங்க, தலைவரே” என்றான் விற்பனைக்காரன்.

“மடக்கி வைக்கறதுக்கு நான் என்ன குடையா?” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “ஆறு மாசம் இதுல குடித்தனம் பண்ணப் போறேன்யா. என் காலை ராத்திரி நாய் வந்து நக்கிட்டுப் போகணுமா?”

“ஆனா பெட்ரோல் ரொம்பக் கம்மியாக் குடிக்கும்.”

“குடிக்காம என்ன பண்ணும்? என் காலைத்தான் வெளியே விட்டுட்டுப் போகுதே!”

ரொசாரியோ நகரத்தில் பழைய வண்டி விற்பவர்கள் அத்தனை பேருக்கும் எவரிஸ்தோவைத் தெரிந்துபோயிருந்தது. தூரத்தில் அவர் தொப்பியைப் பார்த்ததும் சிலர் சாப்பிடப் போய்விடுவார்கள். மின்சாரக் கம்பெனியின் புகார் ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வாங்கியதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது அதிகமில்லை என்பது அவருடைய கட்சி. உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். கால் நீட்டிப் படுக்க வேண்டும். சமைக்க வேண்டும். எரிபொருளை மட்டும் மோந்து பார்த்துவிட்டு ஓட வேண்டும். இந்த நாட்டில் ஒரு மனுஷனுக்கு இதுகூடக் கிடைக்காதா?

இத்தனையும் திமிங்கிலத்துக்காக. கல்யாணமான புதிதில், தெற்கே மாத்ரின் கடற்கரைக்குக் கூட்டிப்போய்த் திமிங்கிலம் காட்டுகிறேன் என்று மனைவி நில்டாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருஷம் கூரை ஒழுகியது. ஒரு வருஷம் அவருக்கு மூட்டுவலி. ஒரு வருஷம் கால்பந்து உலகக்கோப்பை. திமிங்கிலங்கள் என்னவோ தவறாமல் வந்து, குட்டி போட்டு, டிசம்பர் பிறந்ததும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. நில்டாதான் போகவில்லை.

“இந்த வருஷமாவது பாத்துடணும் கிழவா” என்றாள் நில்டா. “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

“வண்டி அமையட்டும் கிழவி. அவசரப்பட்டு ஏமாந்துடக் கூடாது.”

கடைசியில் ஒரு பெரிய பழைய வெள்ளை வேன் அமைந்தது. எவரிஸ்தோ உள்ளே நின்றார், தலை இடிக்கவில்லை. படுத்தார், கால் இடிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். அப்புறம்தான் கேட்டார்.

“லிட்டருக்கு எவ்வளவு போகும்?”

விற்பவர் வானத்தைப் பார்த்தார். “அது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்கறதைப் பொறுத்தது.”

“நான் என்ன பாய்மரக் கப்பலா கேட்டேன்?”

“கேஸ் போட்டுக்குங்க தலைவரே. டாக்ஸிக்காரங்க எல்லாம் அதுலதானே ஓட்டறாங்க? செலவு பாதிக்குப் பாதி!”

பாதி என்ற வார்த்தை எவரிஸ்தோவின் காதில் தேனாகப் பாய்ந்தது. வேனை வாங்கி, நேராக, கேஸ் பொருத்தித் தரும் துல்லியோவின் பட்டறைக்கு ஓட்டிப்போனார். துல்லியோ இரண்டு தடிச் சிலிண்டர்களைக் காட்டினான்.

“எங்கே வைக்கட்டும்?”

“கூரை மேல வையி.”

“சட்டம் விடாது. உள்ளேதான். படுக்கைக்குக் கீழே வைக்கலாம்.”

படுக்கைக்குக் கீழே வைத்தார்கள். படுக்கை ஏறிக்கொண்டது. நில்டா ஏணி போட்டு ஏறிப் படுத்துப் பார்த்தாள். எழுந்து உட்காரப் போனவள் கூரையில் ணங்கென்று முட்டிக்கொண்டாள்.

“தலை இடிக்குது கிழவா!”

“உன்னை யாரு எழுந்து உக்காரச் சொன்னா? படுக்கைன்னு எதுக்குப் பேரு வெச்சிருக்கான்?”

படுக்கைக்கு அடியில் இருக்க வேண்டிய அரிசி, மாவு, பாத்திரமெல்லாம் இப்போது தெருவில் நின்றது. அதற்கு அலமாரி வேண்டும். அலமாரிக்கு இடம் வேண்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றி அங்கே அலமாரியை நிறுத்தினார் எவரிஸ்தோ.

“அப்ப நான் எங்கே உக்காரறது?”

“பின்னாடி ராணி மாதிரி படுத்துட்டு வாயேன். எத்தனை பொம்பளைக்குக் கிடைக்கும் இந்த யோகம்? வெயில் படாம நடுவுல ஒரு திரைகூட மாட்டிடறேன்.”

நில்டா திரையைப் பார்த்தாள். கழற்றிப் போட்ட சீட்டையும் பார்த்தாள்.

அத்தோடு விட்டாரா? எடை கூடினால் கேஸ் கூடக் குடிக்கும் என்று துல்லியோ போகிறபோக்கில் சொல்லித் தொலைத்தான். அன்று சாயங்காலமே எவரிஸ்தோ வேனிலிருந்து சாமான்களை இறக்க ஆரம்பித்தார். நில்டாவின் மடக்கு நாற்காலி இறங்கியது. அவளுடைய கம்பளிப் போர்வைகளில் ஒன்று, காலணிப் பெட்டி, இரண்டாவது தலையணை எல்லாம் இறங்கின. கறி சுடுகிற இரும்புச் சட்டம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“என் நாற்காலி கனமாம், இந்த இரும்பு மட்டும் காத்தாட்டம் இருக்காம்!”

“நாற்காலியில போட்டு மாட்டுக்கறி சுட முடியுமா? நியாயத்தைப் பேசு.”

நவம்பர் கடைசியில்தான் கிளம்ப முடிந்தது. தெருவே வந்து கையாட்டியது. “உள்ளே இடம் எப்படி?” என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். “தாராளம்!” என்றார் எவரிஸ்தோ. திரைக்குப் பின்னாலிருந்து ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது.

அடுத்த ஊருக்கு அடுத்த ஊரிலேயே கேஸ் தீர்ந்தது. எவரிஸ்தோ ஒரு கேஸ் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினார்.

“எல்லாரும் இறங்கணும்” என்றார் பங்க்காரர்.

கேஸ் நிரப்பும்போது வண்டிக்குள் ஒரு குருவிகூட இருக்கக் கூடாது. நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மழை கொட்டினாலும் குடும்பத்தோடு வெளியே நிற்பார்கள். எவரிஸ்தோவுக்கும் தெரியும். அந்த ‘எல்லாரும்’ என்பதில், இரவு உடையோடு உயரப் படுக்கையில் படுத்திருக்கும் நில்டாவும் சேர்த்தி என்பதுதான் அவருக்கு உறைத்திருக்கவில்லை.

“அவ தூங்கறாய்யா!”

“எழுப்புங்க, தலைவரே.”

“படுத்திருக்கற பொம்பளை உன் கேஸை என்ன பண்ணிடுவா?”

“இறங்கினாத்தான் நிரப்புவேன்.”

நில்டா போர்வையைப் போர்த்திக்கொண்டு, மாத்தே தேநீர் உறிஞ்சும் சுரைக்குடுவையும் வெந்நீர்க் குடுவையுமாக ஏணியில் இறங்கினாள். குளிர்காற்றில் நின்றாள். நிரப்பி முடிந்ததும் ஏறினாள். தலையை இடித்துக்கொண்டாள். கண் அயர்ந்தபோது அடுத்த பங்க் வந்துவிட்டது.

“எல்லாரும் இறங்கணும்!”

ஒவ்வொரு பங்கிலும் எவரிஸ்தோ சண்டை போட்டார். சட்டம் போட்டவனைத் திட்டினார், சிலிண்டர் செய்தவனைத் திட்டினார், வரிசையில் முன்னால் நின்ற டாக்ஸிக்காரனைத் திட்டினார். கேஸ் இல்லாவிட்டால் அதே வண்டி பெட்ரோலிலும் ஓடும்தான். பெட்ரோலுக்கு மாற்றும் பொத்தானின் மேல் அவர் ஒட்டுநாடா ஒட்டி மூடி வைத்திருந்தார். மாத்ரின் தெற்கே இருந்தது. கேஸ் பங்க் மேற்கே இருந்தது. வண்டி மேற்கே போயிற்று.

“கிழவா, தெற்கேயிருந்து வர்ற வண்டிக்காரங்க சொன்னாங்க” என்றாள் நில்டா ஒரு பங்கில், நடுங்கிக்கொண்டே. “திமிங்கிலமெல்லாம் கிளம்ப ஆரம்பிச்சிருச்சாம். கொஞ்சந்தான் பாக்கியாம்.”

எவரிஸ்தோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போனா என்ன குறைஞ்சு போயிடும் அதுங்களுக்கு? யாரு விரட்டறா? வேலைவெட்டி இருக்கா?”

“பெட்ரோல்ல போனா நாளைக்கே போயிடலாமே.”

“பெட்ரோல்ல போறதுக்கா இத்தனை பாடுபட்டு இந்த வண்டியப் புடிச்சேன்?”

நில்டா வெந்நீர்க் குடுவையை இறுக்கி மூடினாள். பிறகு ஏணியில் ஏறிப் போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று எவரிஸ்தோ நினைத்துக்கொண்டார்.

பஹியா பிளாங்கா ஊரைத் தாண்டி ஒரு பங்க். வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு ஆள் குழாயை மாட்டினார். எல்லாரும் இறங்கினார்கள். காற்று ஆளைத் தள்ளியது. எவரிஸ்தோ வண்டிக்குள் கேஸ் அளவு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னய்யா, அதுக்குள்ள எடுத்துட்டே? முழுசா நிரப்பு!”

“நிரம்பிருச்சு, தலைவரே.”

“எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா? முள்ளு அங்கேயே நிக்குது!”

“முள்ளு உங்க வண்டிது. அதை எங்கிட்ட கேட்டா?”

“முப்பது வருஷம் புகார் ஜன்னல்ல உக்காந்தவன்யா நான்! உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பேன்! மறுபடி மாட்டு குழாயை!”

மீசைக்காரர் பெருமூச்சு விட்டு மறுபடி மாட்டினார். முள் ஒரு முடியளவு ஏறியது. எவரிஸ்தோ தானே ஜெயித்ததாக முடிவுசெய்து, தொப்பியை அழுத்தி, கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினார்.

கோபம் ஆறவில்லை. திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“பாத்தியா கிழவி, அந்த மீசைக்காரனை? கேக்க ஆளில்லேன்னா நாட்டையே வித்துடுவான். நான் கேட்டது நியாயந்தானே?”

திரை ஒன்றும் சொல்லவில்லை.

“அதான் பாரு. உனக்கே தெரியுது.”

சாலை நேராகக் கிடந்தது. பேச்சு வளர்ந்தது. துல்லியோ ஏமாற்றியதைப் பற்றிப் பேசினார். மைத்துனன் கல்யாணத்தில் தனக்கு மரியாதை இல்லாமல் போனதைப் பற்றிப் பேசினார். இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது எவ்வளவு நல்லது என்று விளக்கினார். ஒரு இடத்திலும் குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை. இவ்வளவு அருமையான பேச்சு தங்களுக்குள் கல்யாணமான நாளிலிருந்து நடந்ததில்லை என்று தோன்றியது அவருக்கு. மனசு இளகிவிட்டது.

“நான் கத்தறவன்தான் கிழவி. ஆனா சொன்னா சொன்னதுதான். நாளன்னைக்கு உன்னைக் கடலோரம் நிறுத்தி, அந்தா பாரு திமிங்கிலம்னு காட்டறேனா இல்லையான்னு பாரு.”

இதற்காவது ஒரு ‘ம்’ வந்திருக்க வேண்டும்.

“கிழவி?”

வண்டியை ஓரங்கட்டித் திரையை இழுத்தார். படுக்கையில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நில்டா இல்லை. கைப்பேசியில் கூப்பிட்டார். தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

எவரிஸ்தோ வண்டிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஐயோ, இறக்கிவிட்டு ஏற்றாமலே வந்துவிட்டோமே! அந்தக் காற்றில், ஊர் பேர் தெரியாத இடத்தில், போர்வைகூட இல்லாமல் நிற்பாளே! முதலில் இறங்கச் சொன்ன சட்டத்தைத் திட்டினார். அப்புறம் மீசைக்காரரைத் திட்டினார். கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார், பலமாக, கண்ணில் தண்ணீரோடு.

கேஸில் வண்டி வேகம் எடுக்காது. ஒட்டுநாடாவைப் பிய்த்தெறிந்தார். பொத்தானை அழுத்தினார். வேன் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, பெட்ரோலைக் குடித்துக்கொண்டு பறந்தது. எவ்வளவு குடித்தது என்று அவர் பார்க்கவே இல்லை. அலமாரியிலிருந்து மாவுப் பை விழுந்து வெடித்தது. அதையும் பார்க்கவில்லை. எதிரே மாடி பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. “எல்லாம் தெரியும், போடா!” என்று கத்திவிட்டு ஓட்டினார்.

“வந்துட்டேன் கிழவி, வந்துட்டேன்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இனிமேல் பெட்ரோல்தான். நாற்காலி வாங்கித் தர வேண்டும். சிலிண்டர் இரண்டையும் ஆற்றில் தள்ளிவிட வேண்டும். திமிங்கிலத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவதில்லை.

பங்கில் வண்டி நிற்பதற்குள் குதித்தார். முகமெல்லாம் மாவு. மீசைக்காரர் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஐயா! என் பொண்டாட்டி! இங்கே விட்டுட்டுப் போயிட்டேன்! எங்கே அவ?”

“போயிட்டாங்களே, தலைவரே.”

“போயிட்டாளா? பாவி நான், மறந்துட்டேனே! ரொம்ப அழுதாளா? வீட்டுக்கே பஸ் ஏறிட்டாளா?”

மீசைக்காரர் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

“வீட்டுக்கா? நீங்க ஒண்ணு, தலைவரே! ‘நல்லா நிரப்பி விடுங்க, சீக்கிரம் திரும்பி வந்துடப் போறாரு’ன்னு எங்கிட்ட கண்ணைக் காட்டிட்டுத்தான் அந்தம்மா டீக்கடைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சாங்க, இப்ப மாத்ரின் போற பஸ்ல மாடியில காலை நீட்டிப் படுத்துட்டுப் போறாங்க, எதிர்ல பாக்கலையா?”