பூஞ்சண அண்ணையும் நான் கழுவிய சுவரும்

லண்டனில் இருக்கிற அத்தனை தமிழர்களிலும், ஆட்களின் முகத்தை மறந்துவிட்டு அவர்கள் வீட்டுச் சுவரை மட்டும் நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பூஞ்சண அண்ணைதான். என்னை அவர் ஒரு வருடம் முழுக்க "வடக்குச் சுவர்ப் பிள்ளை" என்றே அழைத்தார். கீழ்வீட்டு அக்காவுக்கு அவர் வைத்த பெயர் "குளியலறைக் கூரை". அந்த அக்காவுக்கு அதில் பெரிய மனவருத்தம்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்தில் எவருக்கும் தெரியாது. கிழக்கு லண்டனில் ஏழு மாடிகளும், பாதி நாள் வேலை செய்யாத ஒரு லிஃப்டும் கொண்ட கட்டடம் அது. பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார் என்பதோடு அவரைப் பற்றிய எங்கள் அறிவு முடிந்துவிடும். தலையில் கம்பளித் தொப்பி, காதில் பென்சில், கையில் ஒரு சின்ன டோர்ச். எந்த வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு மூக்கை முதலில் உள்ளே அனுப்புவார். பிறகுதான் அவர் வருவார். என் மகள் அபிராவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு எடுத்த படங்களில் எல்லோரும் கேக்கைப் பார்த்துச் சிரிக்கிறோம். பின்னால் ஒருவர் மட்டும் சோபாவை இழுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை முகர்ந்துகொண்டிருக்கிறார்.

அவர் வேலை இதுதான். சுவரில் பூஞ்சணம் படர்ந்திருந்தால், அதன் கரையோரமாகப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். அடுத்த கிழமை வருவார். கறுப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும். இன்னொரு கோடு, இன்னொரு தேதி. பூஞ்சணம் வளர்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் அறைச் சுவரில் இப்படி ஒன்பது கோடுகள் இருந்தன. கோயிலில் பழகியவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று நான் ஒருநாள் அதன்மேல் முருகன் கலண்டரை மாட்டினேன். அண்ணை வந்து கழற்றினார்.

"சாமியைக் கொண்டு மறைக்கிறியோ? அவருக்கும் முட்டு வரப்போகுது."

அபிராவுக்கு ஏற்கனவே வந்திருந்தது. நடக்கத் தொடங்கியதிலிருந்தே இழுப்புதான். மூச்சுக்கு இழுக்கிற நீலப் பம்ப் இல்லாமல் நாங்கள் படியிறங்க மாட்டோம். இன்னொரு குளிர்காலத்தை அந்த அறையில் கழிக்க விடாதீர்கள் என்று டொக்டர் சொன்னார். எங்கே போவது? கணவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் வேலை. வீட்டைப் பராமரிக்கிற அலுவலகத்தை நாங்கள் 'ஹவுசிங்' என்போம். முறைப்பாடு செய்தால், நீங்கள் சமைக்கிறீர்கள், உடுப்பை உள்ளே காயப்போடுகிறீர்கள், யன்னலைத் திறப்பதில்லை என்று கடிதம் போடுவார்கள். நான் படித்தவள். ஆனாலும் அதை நம்பினேன். சோற்றை மூடியே அவித்தேன். குளிரில் யன்னலைத் திறந்து வைத்தால் பிள்ளைக்குச் சளி, மூடினால் பூஞ்சணம். எதைச் செய்தாலும் பிழை என்னுடையது போலவே இருந்தது.

ஐப்பசியில், சுவரைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அண்ணை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வடக்குச் சுவர் வெல்லப்போகுது!"

அன்று காலை நான் செய்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்கு ஓர் அந்நிய மனிதர் வருகிறார். என் கைகள் தாமாகவே வாளியை எடுத்தன. பிளீச் ஊற்றி, சுவரைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கறுப்பும் போனது, ஒன்பது கோடுகளும் போயின. சாம்பிராணி காட்டினேன். வடை சுட்டேன். அதிகாரி நல்ல மனிதர். சுவரைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், நாலு வடை சாப்பிட்டார். "மிகவும் சுத்தமான வீடு. பூஞ்சணம் காணப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.

அண்ணை வந்து வெள்ளைச் சுவரில் டோர்ச் அடித்துத் தன் கோடுகளைத் தேடினார்.

"கழுவினனியோ?"

"ஆள் வருகுதெண்டு..."

"ஆர் வந்தது? பொம்பிளை பாக்கவோ வந்தவை? வடையும் குடுத்தனியாம்!"

"கொஞ்சம்தான் அண்ணை."

"உழுந்து வடையோ?"

"ஓம்."

"நாசமாப் போச்சு. எனக்கு மிச்சம் இருக்கோ?"

நானும் சிரித்தேன். அதுதான் அந்த வருடம் நான் கடைசியாகச் சிரித்தது. மூன்று கிழமையில் கறுப்பு திரும்பி வந்தது. தைப்பொங்கலுக்கு அபிரா ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் முகமூடி போட்டுப் படுத்திருந்தாள். நாலு நாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் விலாவுக்குள் குழி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவியது நான்தானே என்று அண்ணையிடம் அழுதேன். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "இன்னொருக்கா கூப்பிடுவம்" என்றார்.

இரண்டாம் முறை ஒரு பெண் அதிகாரி வந்தார். அதற்கு முன் ஒரு மாதம் அண்ணை எங்கள் வீட்டில் காவல் இருந்தார். துணியைக் கையில் எடுத்தாலே கத்துவார். "வடை கூடாது. தேத்தண்ணியும் கூடாது. அவவுக்குத் தண்ணி விடாய்ச்சாலும் நீ சும்மா இரு." வந்தவரை இருக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் நின்ற அந்தப் பதினைந்து நிமிடமும் எனக்கு உடம்பு கூசியது. அறைக்குள் போன அதிகாரி இருமத் தொடங்கினார். அண்ணையின் முகம் மலர்ந்தது. "பார் பிள்ளை, ஆளுக்கே இழுக்குது!" புதிதாகப் போட்ட கோடுகளைத் தேதி தேதியாக டோர்ச் அடித்துக் காட்டினார். அதிகாரி எல்லாவற்றையும் படம் எடுத்தார்.

சித்திரையில் ஹவுசிங் எங்களுக்குத் தெற்கு லண்டனில், நோர்பரியில், வேறு வீடு தந்தது. உலர்ந்த வீடு.

அண்ணையால் இப்படி வெளியேறிய குடும்பங்கள் பல. பிறகு சொந்த வீடு வாங்கி, பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்பி, எங்கிருந்து வந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டவர்கள். டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் அண்ணையைக் கண்டு ஒருவர் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்ததை நானே பார்த்தேன். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. அண்ணை அவரைக் கண்டுபிடித்து, கடை முழுக்கக் கேட்கும்படி, "குசினிச் சுவர்த் தம்பி, இப்ப ஈரம் இல்லையோ?" என்றார்.

விடைபெற லட்டுப் பெட்டியோடு நாலாம் மாடிக்குப் போனேன். அவர் வீட்டுக்குள் எவரும் போனதில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். பிளீச் வாசனை கண்ணை எரித்தது. பின்னால் ஈரமான வெள்ளைச் சுவர். கையில் துணி.

"அண்ணை, நீங்களோ கழுவிறியள்?"

இருமினார். நின்றபாடில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. மூன்று வருடம் கேட்ட சத்தம்.

"ஞாயிறு மகள் வாறவள். கண்டாளெண்டால் தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போயிடுவாள். பெரிய வீடு பிள்ளை. ஒரு சுவரிலையும் ஒண்டும் இல்லை. அங்கை நான் என்ன செய்யிறது?" பிறகு மெதுவாக, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார்.

தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு கிழமை தூங்கவில்லை. சொன்னால் துரோகம். சொல்லாவிட்டால் அந்த மூச்சு. அவர் வாழ்க்கையில் தலையிட நான் யார்? ஆனால் அவர் என் வாழ்க்கையில் தலையிட்டதால்தானே பக்கத்து அறையில் ஒருத்தி சத்தமில்லாமல் தூங்குகிறாள்? கோயிலில் விசாரித்து மகளின் நம்பரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் அக்கா, சொல்லாமல் ஒரு புதன்கிழமை போங்கள் என்றேன்.

போனார். பார்த்தார். கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் அண்ணை என்னோடு பேசுவதில்லை. போன கிழமை அவர் மகளுக்குப் போன் எடுத்தேன். அப்பா வந்த நாளிலிருந்து எல்லா அலுமாரிகளையும் சுவரைவிட்டு இழுத்து வைத்திருக்கிறார் என்றார். போனைக் கொடுக்கிறீங்களோ என்று கேட்டேன். அவர் கேட்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"கதைக்கமாட்டன் எண்டு சொல்லு! அவளுக்கு வாய் நிக்காது! வடை சுட்டுக் குடுத்தே கேஸைக் கெடுத்தவள், என்னையும் காட்டிக் குடுத்துப்போட்டாள்! செத்தாலும் கதைக்கமாட்டன் எண்டு சொல்லு!"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் ஓர் இருமல் இல்லை.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி" என்றார் மகள்.

"இல்லை அக்கா, இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றேன். அண்ணை இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது.