ஒரு கரப்பான் கூட இல்லை

கடிதத்தின் மேல் ஏறி நின்ற கரப்பானை ஊதித் தள்ளிவிட்டு நீலகண்டன் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். வாசகம் மாறவில்லை. வருகிற சனிக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து டைரக்டர் நேரில் வந்து மாணவர் விடுதியைப் பார்வையிடுவார் என்றுதான் இருந்தது.

"என்ன சார், மருந்து வாங்க அனுமதி வந்துடுச்சா?" என்று கேட்டார் விடுதிச் சமையல்காரர் மருதையன்.

"மருந்து வரல. டைரக்டர் வராரு."

"அவரு என்னத்துக்கு?"

"கரப்பான் பாக்க."

தப்பு நீலகண்டனுடையதுதான். காரைக்காலில் இந்த விடுதிக்கு வார்டனாக வந்த நாளிலிருந்து கரப்பான் தொல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் அது எல்லை மீறிப் போனது. பூச்சி மருந்து வாங்க அனுமதி வேண்டும் என்று பத்து நாளைக்கு முன் மேலிடத்துக்கு அவரே எழுதிப் போட்டார். சர்க்கார் உத்தியோகத்தில் பதினோரு வருஷம் இருந்தும், எதையும் எழுத்தில் கொடுக்கக் கூடாது என்கிற சின்ன விவேகம் அவருக்கு வரவில்லை. நல்ல மனிதர்களுக்கு அது லேசில் வருவதில்லை.

காரைக்காலுக்கு ஆய்வுக்கு வருகிற பாண்டிச்சேரி அதிகாரிகளுக்கு எப்போதுமே சனிக்கிழமைதான் தோதுப்படும். காலையில் திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி விபூதி கலைவதற்குள் ஆபீசுக்கு வந்து மற்றவர்களைக் கும்பிட வைப்பார்கள். ஊர்க்காரர்களுக்குச் சனீஸ்வரனிடம் அவ்வளவு பயமில்லை. பக்கத்து ஊர்க்காரர், பேசிக்கொள்ளலாம். சர்க்கார் ஊழியர்களுக்கு இருந்த ஒரே பயம் ஏனாம்.

பாண்டிச்சேரி சர்க்காரில் இடமாற்றம் என்றால் நாலே ஊர்தான். பாண்டி, காரைக்கால், மலையாளக் கரையில் மாகி, ஆந்திராவில் கோதாவரிப் பக்கம் ஏனாம். ஏனாமுக்குப் பஸ் மாறி, ரயில் மாறி, மறுபடி பஸ் மாறி இரண்டு நாள் போக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு பசிக்கிறது என்பதைத் தெலுங்கில் சொல்ல வேண்டும். மேலதிகாரி முகம் சுளித்தால் ஏனாம் என்பது எல்லா ஆபீசிலும் பியூன் முதல் அறிந்த சங்கதி.

நீலகண்டனுக்கு வயது முப்பத்தாறு. ஏழு வருஷம் ஜாதகம் தூக்கி அலைந்து, கடைசியில் அம்பகரத்தூர் வைத்தியலிங்கத்தின் ஒரே மகள் தையல்நாயகி அமைந்திருந்தாள். தை மாதம் கல்யாணம். நிச்சயத்தன்று வைத்தியலிங்கம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒத்தப் பொண்ணு மாப்ள. நெனச்சா பஸ் ஏறி முக்கா மணியில வந்து பாத்துட்டுப் போவணும். நீங்க காரைக்கால்லயே இருக்கீங்கன்னுதான் குடுக்குறேன். ஊரு மாறுனா இந்தப் பேச்சு இல்ல."

தையல்நாயகி அப்போது கதவோரத்தில் நின்று ஒருமுறை சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் நீலகண்டன் மூன்று மாதமாக மருதையனின் சாம்பாரைக் குறை சொல்லாமல் சாப்பிட்டு வந்தார்.

"சனிக்கிழமை இந்தக் கட்டடத்துல ஒரு கரப்பான் கூட இருக்கக் கூடாது மருதையன்."

"இன்னும் ஆறு நாளு இருக்கே சார்" என்றார் மருதையன். அவருக்கு எந்தக் காரியமும் பெரிதாகத் தெரியாது. சோறு குழைந்தாலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீலகண்டன் சொந்தச் செலவில் ஒரு டப்பா பூச்சிப் பொடி வாங்கி வந்து, சமையற்கட்டு மூலை முடுக்கெல்லாம் தானே தூவினார். அதுவரை கரப்பான்கள் சமையற்கட்டோடு மரியாதையாக இருந்தன. பொடி வாசனை பிடிக்காமல் ஒன்று விடாமல் மாடி ஏறின. மாலைக்குள் நாற்பது மாணவர்களும் நீலகண்டன் அறை வாசலில் நின்றார்கள்.

"தலைகாணி உறைக்குள்ள இருக்கு சார்."

"என் சட்டைப் பையில இருந்துச்சு சார்."

"சார், இவன் வாயைத் தொறந்துகிட்டு தூங்குறவன், இவனுக்கு மட்டுமாவது ஒரு வழி பண்ணுங்க."

திங்கட்கிழமை மருதையன் யோசனை சொன்னார். கட்டடம் பிரெஞ்சுக்காரன் காலத்தது. அடியில் செங்கல் மூடிய சாக்கடை ஒன்று ஓடுகிறது. கரப்பானின் தாய்வீடு அதுதான். காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு அதற்குள் புகை விட்டால் மாடியில் இருப்பதும் சேர்ந்து ஓடிவிடும் என்றார். ஒன்றரைப் படி மிளகாய் போயிற்று. நாற்பது பையன்களும் இருமிக்கொண்டே தெருவில் போய் நின்றார்கள். சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தால், நிஜமாகவே கரப்பான் இல்லை. நீலகண்டன் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு மீரா சாகிப் வந்தார். தெருவிலேயே மரியாதையான மனிதர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"நேத்து எங்க வூட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்க சார்."

"சந்தோஷம்தானே பாய்."

"எல்லாம் மீசையோட வந்தாங்க. மவ பேறுகாலத்துக்கு வந்திருக்கா. கட்டிலு மேல ஏறி நிக்கிறா, எறங்க மாட்டேங்குறா. என் ஹயாத்துல இத்தனை கரப்பானைப் பாத்ததில்ல."

சாக்கடை இரண்டு வீட்டுக்கும் பொது என்பது அப்போதுதான் நீலகண்டனுக்கு உறைத்தது. நெளிந்தார். மன்னிப்புக் கேட்டார். மீரா சாகிப் கோபித்துக்கொள்ளவே இல்லை.

"பரவாயில்ல, அண்டை வூடு. ஆனா என்ன போட்டு வெரட்டுனீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

திட்டு விழாத நன்றியில் நீலகண்டன் மிளகாய் அளவு முதல் விசிறுகிற விதம் வரை விவரமாகச் சொன்னார். மீரா சாகிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு விடுதிச் சாக்கடையிலிருந்து புகை வந்தது. புகைக்கு முன்னால் கரப்பான்கள் வந்தன. போனவை தனியாகத் திரும்பவில்லை, மீரா சாகிப் வீட்டுப் பூர்வீகக் கரப்பான்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தன. அவை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவை, ஒவ்வொன்றும் விரல் நீளம். மறுபடியும் புகை போடலாமா என்று மருதையன் கேட்டார். போட்டால் அவரும் போடுவார், இப்படியே தை மாதம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நீலகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவர் மாணவர்களைக் கூட்டினார்.

"எல்லாரும் பெட்டி, படுக்கை, புத்தகம் எல்லாத்தையும் முற்றத்துக்குக் கொண்டாங்க. ஒண்ணு விடாம தொறந்து உதறணும்."

எல்லாரும் உதறினார்கள். பாலகுரு மட்டும் ஒரு பெரிய பிஸ்கட் தகர டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன்.

"அதைத் தொற."

"வேணாம் சார். இதுல ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா ஆணி வச்சு மூடியில ஓட்டை போட்டிருக்கே?"

நீலகண்டன் பிடுங்கித் திறந்தார். உள்ளே இருந்தவை ஒரு நொடி வெளிச்சத்தைப் பார்த்தன. அடுத்த நொடி அவர் முழங்கைக்கு மேல் ஏறி, முற்றம் முழுக்கப் பரவி, திறந்து கிடந்த நாற்பது பெட்டிகளிலும் குடியேறிவிட்டன.

"அடுத்த மாசம் பிராக்டிகல் சார்" என்றான் பாலகுரு, அழாக்குறையாக. "ஆளுக்கு ரெண்டு கரப்பான் அறுக்கணும். கிளாஸ் பூராவுக்கும் நான்தான் தரேன்னு ஒத்துக்கிட்டேன். நாலு மாசமா தேங்காயும் ரொட்டியும் போட்டு வளத்தேன் சார்."

நீலகண்டனுக்குக் கோபம் கூட வரவில்லை. அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் நின்றுபோய்விட்டது என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்தார். அந்த ஊரில் கேட்பதற்கு யார் இருக்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது.

அவர் முகத்தைப் பார்க்கப் பாலகுருவுக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் ஒண்ணு சொல்லவா? அதுங்களுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும். வெல்லமும் வெங்காயமும்னா விடாது. கோதுமை மாவுல அதைப் போட்டு, நம்ம கேரம் போர்டு பவுடரைக் கலந்து உருண்டை புடிச்சு வைப்போம். அந்தப் பவுடர் அதுங்களுக்கு விஷம்."

"சாவுமா?"

"சாவும் சார்." வளர்த்தவன் குரல் தழுதழுத்தது.

அன்று சாயங்காலம் முந்நூறு உருண்டை பிடித்து மூலைக்கு மூலை வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் ஒரு உருண்டை மிச்சமில்லை. ஒரு கரப்பானும் சாகவில்லை. வெல்லம் தின்ற தெம்பில் பட்டப்பகலிலேயே பறக்க ஆரம்பித்தன. பறக்கிற கரப்பானுக்கு முன்னால் ஊர்கிற கரப்பான் தெய்வம் என்பது அன்றுதான் எல்லாருக்கும் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து வைத்தியலிங்கம் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை எடுத்துக்கொண்டு வந்தார். வேட்டியில் ஏறிய ஒன்றை மெதுவாகத் தட்டிவிட்டார். காபியில் விழுந்த இன்னொன்றையும் பெருந்தன்மையோடு எடுத்துப் போட்டார்.

"ஏன் மாப்ள மொகம் இப்படி இருக்கு? இதெல்லாம் எந்த ஊர்ல இல்ல. நீங்க ஊரு மாறாம இருந்தா அது போதும் எங்களுக்கு. தையலு கூட நேத்து கேட்டுச்சு, கல்யாணத்துக்கு அப்பறம் வெள்ளிக்கு வெள்ளி கோயிலுக்கு நம்ம ஊருக்கே வந்துடலாம்ல அப்பான்னு."

நீலகண்டன் பத்திரிகையைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டார். எழுத்து எதுவும் தெரியவில்லை. அழுகை வந்தது என்றே சொல்லிவிடலாம்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று. டைரக்டர் காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டு நீலகண்டன் எட்டு மணிக்கே படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அவரை மருதையன் உலுக்கி எழுப்பினார். "சார், வந்து பாருங்க."

மாடிப்படி, முற்றம், சமையற்கட்டு, சாக்கடை வாய், எங்கும் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. கேரம் போர்டு பவுடர் நிதானமாகத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. பையன்கள் கூடை கூடையாக அள்ளினார்கள். பாலகுரு சிலவற்றைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினான். பத்து மணிக்குள் தரையெல்லாம் கழுவி, விடுதி கோயில் மண்டபம் போல ஆகிவிட்டது.

பதினோரு மணிக்கு டைரக்டரின் ஜீப் வந்தது. கோயிலிலிருந்து நேராக வந்ததால் வேட்டியும் தோளில் துண்டுமாக இருந்தார். அவர் சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கட்டிலைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். அரிசிப் பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். சமையற்கட்டில் அம்மிக்கு அடியில் டார்ச் அடித்தார். பின்னாலேயே நடந்த நீலகண்டன், அவர் தோள் துண்டின் ஓரத்தில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

விரல் நீளம். மீரா சாகிப் வீட்டுக் கரப்பானேதான்.

"துண்டு நழுவுதுங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே சரி செய்வதுபோல் அதை வலது கைக்குள் பொத்திக்கொண்டார். உள்ளங்கையில் அது ஆறு காலாலும் பிறாண்டியது. முகத்தை மாற்றாமல் நின்றார். தையல்நாயகிக்காக அவர் செய்த முதல் வீரச் செயல் அதுதான், அவளுக்கு அது தெரியவே போவதில்லை.

டைரக்டர் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஒண்ணு கூட இல்லையே நீலகண்டன். எப்படி ஒழிச்சீங்க?"

நீலகண்டன் மூச்சுவிடாமல் சொன்னார். டைரக்டர் வெல்லத்தின் எடையைக் கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து திருநள்ளாற்று விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

விபூதிக்கு வலது கையைத்தான் நீட்ட வேண்டும். வலது கைக்குள் கரப்பான். நீலகண்டன் சட்டென்று தலையைக் குனிந்தார். "ஐயா கையாலயே இட்டு விட்டுடுங்க."

டைரக்டர் உருகிப் போய்விட்டார். நெற்றி நிறையப் பூசிவிட்டு, "உங்களுக்கு நான் ஒண்ணு செய்யணும். திங்கக்கிழமை உத்தரவு கையெழுத்தாயிடும்" என்றார். நீலகண்டன் அந்தச் சந்தடியில் கரப்பானைக் கால்சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டார்.

உத்தரவு. பதவி உயர்வாகத்தான் இருக்க வேண்டும். காதில் மேளச் சத்தமே கேட்டது. மாப்பிள்ளை ஊர் மாறவில்லை, பதவி மாறிவிட்டார் என்று வைத்தியலிங்கத்திடம் சொல்லும்போது தையல்நாயகி கதவோரத்தில்தான் நிற்பாள்.

டைரக்டர் கை கழுவப் போன சமயம், ஆசை தாங்காமல் ஜீப் ஓட்டுநர் முத்தையனிடம் ஓடினார். பைக்குள் கரப்பான் குறுகுறுவென்று நகர்ந்தது.

"அண்ணே, என்ன உத்தரவுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முத்தையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஏனாம் ஹாஸ்டல்ல கரப்பான் தாங்க முடியல சார், அதை ஒழிக்கத் தெரிஞ்ச வார்டனைத் தேடித்தான் ஒரு மாசமா ஊர் ஊரா அலையிறோம், போன வாரமே மாகி வார்டனுக்குக் கிடைச்சிருக்க வேண்டியது, பாவம், கடைசி நேரத்துல ஒரே ஒரு கரப்பான் ஐயா கண்ணுல பட்டு அவருக்குக் கை நழுவிப் போச்சு."