வாத்தியார் கையிலிருந்த ஸ்கோப்பன் பத்து

கரையூர், யாழ்ப்பாணம்.
1937ம் ஆண்டு ஆவணி 12ந் திகதி.

சேசுவின் திருவிருதயக் கிருபையால் மன்னாரில் சுகமே வாழும் மைத்துனர் கனிசியஸ் அவர்களுக்கு, செபமாலை எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். உமது அக்கா லூர்த்தம்மாவும் நலம். ஆனால் ஞாயிறு தொடக்கம் என்னோடு கதைப்பதில்லை. உமது உத்தியோகமும் தேகசுகமும் குறைவின்றி இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

நிற்க, கோயில் கூரைக்கு ஓடு போடவென்று சுவாமியார் போன ஞாயிறு பூசை முடிய முந்நூற்றிநாலு எண்ட கடுதாசிச் சீட்டாட்டப் போட்டி வைத்தார். எனக்குச் சோடியான அந்தோனிமுத்துவுக்கு அன்று காய்ச்சல். பதினாறு வயசுப் பிள்ளையை ஆம்பிளையளுக்கு நடுவிலை இருத்தலாமோ எண்டு நான் யோசிக்க, சுவாமியார், எண்ணத் தெரிஞ்சால் காணும் எண்டு எங்கடை சிசிலியாவை இருத்திப்போட்டார். அவள் எண்ணுவாள், அதுதான் வினை. விழுந்த கடுதாசி முழுக்க அவளுக்குப் பாடம். கடைசி ஆட்டத்திலை எதிராய் வந்தது ஆர் தெரியுமே? தேவராசா வாத்தியார். சிசிலியா ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பிக்க இந்த மாத முடிவுக்குள்ளை அவர்தான் நற்சாட்சிப் பத்திரம் தரவேணும். ஆனபடியால் நான் தோற்க ஆயத்தமாய்த்தான் இருந்தன். நாலாம் சுற்றிலை கறுத்த ஸ்கோப்பன் இனத்துச் சீட்டு இறங்க, வாத்தியார் தன்னட்டை ஸ்கோப்பன் இல்லையெண்டு துரும்புச் சீட்டாலை வெட்டி எடுத்தார். இருக்கிற இனத்தை ஒளிச்சுப்போட்டு வெட்டுறது களவெண்டு உமக்குத் தெரியும். பிள்ளையின்ரை முகம் மாறினதைக் கண்டிட்டன். கதையாதை எண்டு மேசைக்குக் கீழாலை அவளின்ரை காலிலை தட்டினன். தட்டுப்பட்டது வாத்தியாரின்ரை கால். ஏன் செபமாலை உதைக்கிறீர் எண்டு அவர் சபையிலை கேட்க, நான் நுளம்பு கடிச்சதெண்டன். அந்த நேரம் பார்த்து இவள் மெல்லமாய், "வாத்தியார், ஸ்கோப்பன் பத்து உங்கடை கையிலைதான் கிடக்கு" எண்டாள்.

சுவாமியார் எழும்பி வந்து பார்த்தார். கிடந்தது. கண்ணாடியை வீட்டிலை மறந்து விட்டிட்டு வந்தனெண்டார் வாத்தியார். கண்ணாடி மூக்கிலை இருந்தது. ஒருத்தரும் சிரிக்கேல்லை, சிரிச்சிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. ஆட்டம் வெண்டதுக்குப் பரிசாய்க் கிடைச்ச சாவலை அண்டைக்கே அவர் வீட்டுக்குக் குடுத்துவிட்டன். விடிய அது எங்கடை வளவிலை நிக்குது. அவர் திருப்பி அனுப்பினவரோ, தானாய் வந்ததோ எண்டு தெரியாமல் மூண்டு நாளாய் எனக்குச் சோறு இறங்கேல்லை. நான் காலாலை சைகை காட்டினன் எண்டும் ஊரிலை கதை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே எண்டு பிள்ளையைக் கேட்டன். "நீங்களும் கண்டனீங்களோ அப்பா?" எண்டாள். ஓமெண்டன். "அப்ப நீங்கள் சொல்லியிருக்கலாம்" எண்டிட்டு உள்ளை போயிட்டாள்.

நீர் அவரிட்டைப் படிச்ச பிள்ளை. லீவு எடுத்து உடனே வந்து, எங்களுக்காக அவரிட்டை மன்னிப்புக் கேட்டு, பத்திரத்தை வாங்கித் தரவேணும்.

மாதாவின் அடைக்கலம் உம்மையும் பிள்ளைகளையும் காப்பதாக.

இப்படிக்கு,
கலக்கத்துடன்,
வ. செபமாலை

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போக வாத்தியார் வாசலிலை. பத்திரத்தைத் தானே கொண்டுவந்திருக்கிறார். ஆர் பிழை விட்டாலும் சொல்லாமல் விடாத பிள்ளை எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கு. வாற ஞாயிறு பாசையூர்க்காரரோடை போட்டியாம், தனக்குச் சோடியாய் சிசிலியாவை விடட்டாம். களவாய் வெட்டக்கூடாது எண்டு அவள் சொன்னாள், ஓமெண்டு தலையாட்டினார். என்னைத் தேத்தண்ணி பரிமாற வரட்டாம். ஆனபடியால் நீர் மன்னிப்புக் கேட்க வரவேண்டாம். வந்து, இருபது வருசமாய் விளையாடுற என்னை ஏன் தள்ளினவரெண்டு நாலுபேருக்கு முன்னாலை கேளும்.