விமானம் இருக்க ரயிலில் வந்த காரணம்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகளும் தங்கள் பேத்தியும் நலம். பேத்திக்குக் கீழ்ப்பல் ஒன்று முளைத்துக்கொண்டிருப்பதால் நலமாக இருப்பதை அவள் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. அங்கே அத்தையின் நெஞ்சுத் தையல் நன்றாக ஆறி, வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியிருப்பார்கள் என நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் போன் செய்யும்போதெல்லாம் அத்தைதான் எடுத்து, "மாமா குளிக்கிறாங்க" என்கிறார்கள். காலையிலும் குளியல், மத்தியானமும் குளியல், சாயங்காலமும் குளியல். தங்கள் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆகவே போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் அல்ல, விளக்கக் கடிதம். படித்த பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்பது தங்கள் விருப்பம்.

என் வேலை என்ன என்று தங்களுக்குத் தெரியும். காகித ஆலைகளில் மெஷின் நின்றுபோனால் என்னை அனுப்புவார்கள். நான் போய் இறங்குகிற இடத்தில் எல்லாம் உற்பத்தி நின்றிருக்கும், மேனேஜர் முகம் சிவந்திருக்கும். மெஷின்மேல் கோபப்பட முடியாதவர்கள் என்மேல் கோபப்படுவார்கள். சரிசெய்து முடித்ததும் மெஷின் ஓடுகிற சத்தத்தில் நான் சொல்லிக்கொண்டு கிளம்புவது யார் காதிலும் விழாது. வருடக்கணக்காக இதுதான் பிழைப்பு. இதில் எனக்கென்று ஒரே ஒரு இடம் இருந்தது. விமான நிலையத்தில், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி கொடுக்கும் தங்க அட்டை வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு தனி கவுன்டர். அங்கே ஒரு பெண் எழுந்து நின்று, "வாங்க சார், உங்களை மறுபடி பாக்கறதுல சந்தோஷம்" என்பாள். அது அவள் முன்னால் இருக்கிற திரையில் எழுதியிருக்கும் வாசகம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை மாமா. ஆனாலும் நான் வருவதில் சந்தோஷம் என்று வேறு எந்த ஊரிலும் யாரும் திரையைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை.

அந்த அட்டையை ஒவ்வொரு வருடமும் பறந்து பறந்துதான் காப்பாற்ற வேண்டும். பறக்காவிட்டால் வெள்ளி, அப்புறம் நீலம் என்று கீழே இறக்கிவிடுவார்கள். தங்கள் மகளின் பிரசவ விடுப்பு முடிந்து, அவள் வேலைக்குத் திரும்பி, என் கம்பெனி கொடுத்த தகப்பன் விடுப்பில் நான் பாப்பாவோடு வீட்டில் உட்கார்ந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. வீட்டுக்குள்ளே எவ்வளவு நடந்தாலும் கணக்கில் சேராதே. ஒரு நாள் சாப்பிடும்போது தங்கள் மகளிடம் மெதுவாகச் சொன்னேன், மாதம் ஒரு தடவை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்காவது பறந்துவிட்டு வரட்டுமா என்று.

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. போய் இறங்கினதும் அடுத்த பிளைட்ல திரும்பிடுவேன்."

"சும்மா இருக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? இங்கயே இருங்க."

அந்த யோசனையைக் கைவிட்டேன். ஆனால் தேடிப் பார்த்ததில், பிள்ளை பெற்று விடுப்பில் இருக்கிற தாய் தகப்பன்மாருக்கு அட்டையை அப்படியே நிறுத்திவைக்கிற சலுகை ஒன்று இருப்பது தெரிந்தது. எழுதிப் போட்டேன், சம்மதம் வந்தது. அதன் அடியில் ஒரு வரி: "விடுப்புக் காலத்தில் மேற்கொள்ளும் பயணங்கள் ஏற்கப்படமாட்டா." அதாவது, பறந்தால் சலுகை போய்விடும்; எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள விடுப்பு வாங்கிவிட்டு ஊர் ஊராகப் பறப்பவனுக்கு எதற்குச் சலுகை? விடுப்பு முடியும்வரை விமானத்தில் கால் வைப்பதில்லை என்று முடிவு பண்ணிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு இதய வால்வு மாத்தற ஆபரேஷனை சொன்ன தேதிக்கு முன்னாலேயே, மறுநாளே வெச்சுட்டாங்கன்னு உங்க போன் வந்தது. உங்க மக வேற ஊர்ல ஆபீஸ் வேலையா இருந்தா. அங்கிருந்தே நேரா பிளைட் பிடிச்சிட்டா. "நீங்க பாப்பாவைத் தூக்கிட்டு உடனே கிளம்பி வந்துடுங்க. அம்மா அவளை இன்னும் ஒரு தடவைகூட நேர்ல பாக்கல, உள்ள போறதுக்கு முன்னாடி பாக்கணும்னு சொல்றாங்க" என்றாள். எனக்கும் தெரியும் மாமா. உடம்பு முடியாமல் அத்தை பயணமே செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்ததால், பேத்தி பிறந்ததிலிருந்து போட்டோவில் மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வந்துடறேன்" என்றேன். எதில் வருகிறேன் என்று அவளும் கேட்கலை, நானும் சொல்லலை. சாயங்கால ரயிலைப் பிடித்தால் விடிந்ததும் ஊரில் இறங்கலாம், ஆபரேஷன் பத்து மணிக்கு மேலதானே, தாராளமா நேரம் இருக்குன்னு கணக்குப் போட்டேன். அட்டையும் பிழைக்கும், அத்தையும் பேத்தியைப் பார்ப்பாங்க. இப்போ எழுதும்போது அட்டையை முன்னாலும் அத்தையைப் பின்னாலும் எழுதியிருக்கிறேன் பாருங்கள், அடித்து எழுத நினைத்தேன், அன்றைக்கு மனசில் இருந்த வரிசை அதுதான் என்பதால் அப்படியே விட்டுட்டேன்.

ரயில் நல்லாத்தான் கிளம்பிச்சு. விடியற நேரத்துல, ஸ்டேஷனும் இல்லாம ரோடும் இல்லாம ஒரு வெட்டவெளியில நின்னுடுச்சு. இன்ஜின் பழுதுன்னாங்க. கொண்டு வந்த பாலை பாப்பா ஏற்கெனவே குடிச்சு முடிச்சிருந்தா. எதிர்ல ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாங்க, தையல் கடை வெச்சிருக்கறவங்களாம், தையல் மெஷினோட தலைப்பாகத்தை ஆடாம மடியோட அணைச்சு வெச்சிருந்தாங்க. மெஷினை கீழ வெச்சுட்டுப் பாப்பாவைக் கையில வாங்கினாங்க.

"பிள்ளையோட அம்மா எங்கப்பா?"

"பிளைட்ல போயிட்டாங்க."

"அப்ப நீ ஏன் பிள்ளையோட இதுல வர்றே?"

பதில் சொல்லியிருக்கவே கூடாது. அட்டை விஷயத்தைச் சொன்னேன். அவங்களுக்குப் புரியலைன்னு பக்கத்துல இருந்தவருக்கு விளக்கினேன், அவர் மேல் படுக்கைக்கு விளக்கினார். அட்டையைக் காட்டுங்கன்னாங்க. அது பெட்டி முழுக்கக் கை மாறிப் போச்சு. ஒருத்தர் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, நிஜத் தங்கமான்னு பார்த்தார். கடைசியில டிக்கெட் பரிசோதகர் கைக்குப் போய், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது இங்க செல்லாது சார்"னு ரொம்ப வருத்தமா என்கிட்ட கொடுத்தார்.

உட்கார்ந்திருக்க முடியலை மாமா. பாப்பாவை அந்த அம்மாகிட்ட விட்டுட்டு, இறங்கி, கல்லுல தடுக்கி, இன்ஜின்வரைக்கும் நடந்தேன். நானும் மெஷின் பாக்கறவன்தானே. டிரைவர் கீழ இறங்கி நின்னுட்டிருந்தார்.

"நான் மெக்கானிக்தான், பாக்கட்டுமா?"

"என்ன மெஷின் பாப்பீங்க?"

"பேப்பர் மெஷின்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது ரயில் சார். போய் உக்காருங்க."

வாழ்க்கையில முதல் தடவையா, நின்னுபோன மெஷின் முன்னாடி கோபமா நிக்கறவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரிஞ்சுது. தலைக்கு மேல ஒரு விமானம் போச்சு. எந்தக் கம்பெனின்னு வாலைப் பார்த்தேன். அதேதான்.

மாற்று இன்ஜின் வந்து, நாங்க ஊர் வந்து சேர்ந்து, பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி வந்தப்போ, நீங்க ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு முன்னால நின்னுட்டிருந்தீங்க. தீயணைப்பு நிலையத்துல ஆயுசு முழுக்க அதிகாரியா இருந்தவர் நீங்க, தாமதமா வந்த வண்டியைப் பார்க்கற மாதிரி என்னைப் பார்த்தீங்க. கதவு சாத்தியிருந்தது. அத்தை தள்ளுவண்டியில படுத்துக்கிட்டே கொஞ்சம் பொறுங்கம்மா, கொஞ்சம் பொறுங்கம்மான்னு நர்ஸ்கிட்ட கேட்டதையும், லிப்ட் திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்ததையும் உங்க மக அப்புறம்தான் சொன்னா. நீங்க ஒண்ணுதான் கேட்டீங்க.

"டிரெயின்லயா வந்தீங்க?"

"ஆமா மாமா."

அதுக்குப் பிறகு நீங்க என்கூடப் பேசலை. அந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் ஒண்ணையேதான் நினைச்சிட்டிருந்தேன். உள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா, பாப்பா வளர்ந்து என்னைக் கேப்பா, நான் அவகிட்ட என்ன கார்டைக் காட்டுவேன்? பாப்பா என் சட்டைப் பட்டனைச் சப்பிக்கிட்டே தூங்கிட்டா.

கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் உள்ள விட்டாங்க. பாப்பாவை அத்தை கை பக்கத்துல பிடிச்சுக்காட்டினேன். அவ அத்தை விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. நான் மன்னிப்புக் கேக்க வாயைத் திறந்தேன். "அதான் வந்துட்டீங்களே மாப்பிள்ளை. சாப்பிட்டீங்களா?"ன்னாங்க. நீங்க என்னைத் திட்டியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

ஊர் திரும்பியதும் விமானக் கம்பெனிக்குப் போன் செய்து, அட்டைக்காரர் பட்டியலிலிருந்து என் பெயரையே எடுத்துவிடும்படி சொன்னேன். ஒரு பெண்தான் பேசினாள்.

"காரணம் சொல்ல முடியுமா சார்?"

பயணம் செய்யக் கூடாது என்று அவர்கள் போட்ட விதியால் என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"சார், பயணங்கள் ஏற்கப்படாதுன்னா, கணக்குல சேராதுன்னு அர்த்தம். நீங்க தாராளமா பறந்திருக்கலாமே."

இதை எழுதாமல் மறைத்திருக்கலாம் மாமா. மறைக்கவில்லை. "இருந்தாலும் எடுத்துடும்மா" என்றேன். எடுத்துவிட்டாள். இப்போது நான் எந்த நிறமும் இல்லாத சாதாரணப் பயணி. மனம் லேசாக இருக்கிறது. அந்த அட்டை இனி நம் குடும்பத்தில் யாருக்கும் எந்த விதத்திலும் தேவைப்படாது என்று உறுதி கூறி இந்த விளக்கத்தை முடிக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்களும் பேத்தியின் முத்தங்களும். மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுக்கவும். தங்கள் ஆசி என்றும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்

பி.கு.: இதை மடித்து உறையில் போட்ட கையோடு தங்கள் போன் வந்தது. மகளிடம் பேசிவிட்டு, "மாப்பிள்ளைகிட்டக் குடு" என்று சொன்னீர்கள். அத்தையைக் கொஞ்ச நாள் இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம், டாக்டர் விமானத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டார் என்றீர்கள். பிறகு, "உங்க தங்கக் கார்டு இருக்கில்ல, அதைக் காட்டினா வரிசையில நிக்க வெக்காம முன்னாடி ஏத்துவாங்களாமே" என்று கேட்டீர்கள். இத்தனை நாள் கழித்துத் தங்கள் குரலைக் கேட்கிறேன். "இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டேன். இல்லை. உடனே விமானக் கம்பெனிக்குப் போன் போட்டேன், அதே பெண். திருப்பித் தர முடியாதாம், புதிதாகச் சேர்ந்தால் நீல அட்டை தருவாளாம். நீலத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். மாதம் ஒரு ஈமெயில் வருமாம். பிறகு அவளே பாவப்பட்டு ஒன்று சொன்னாள்: சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் கைக்குழந்தையோடு வருகிறவர்களையும்தான் எல்லாருக்கும் முதலில் ஏற்றுவார்களாம், தங்கத்துக்கும் முன்னால். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இத்தனை வருடமும் அவர்கள் ஏறி முடிக்கட்டும் என்று தங்கக் கார்டோடு காத்து நின்றவன் நான்தான். நீங்கள் தேதி சொல்லுங்கள். நானும் பாப்பாவும் வந்து அத்தையை அழைத்துக்கொள்கிறோம். விமானத்தில்தான் வருவோம்.